உலாவி ஆதரவும் டிஎல்எஸ் பதிப்புத் தேர்வும்

டிஎல்எஸ் என்பது இணைய உலாவிக்கும் வழங்கிக்கும் இடையே செல்லும் தரவைப் பிறர் படிக்கவோ திருத்தவோ இயலாதவாறு மறையாக்கம் செய்யும் நெறிமுறை ஆகும். நெட்ஸ்கேப் நிறுவனம் 1995-இல் வெளியிட்ட எஸ்எஸ்எல் 2.0-இன் வழிவந்த இந்நெறிமுறை, 1999, 2006, 2008, 2018 ஆகிய ஆண்டுகளில் முறையே 1.0, 1.1, 1.2, 1.3 எனப் பதிப்புகள் கண்டது. இணைப்பு தொடங்கும்போது உலாவி தனக்குத் தெரிந்த பதிப்புகளை அறிவிக்க, வழங்கி அவற்றுள் தனக்கும் ஏற்புடையதைத் தேர்கிறது. ஆகவே இரு தரப்புக்கும் பொதுவான பதிப்பைவிடச் சிறந்த ஒன்றை எந்தத் தளமும் தனியாகப் பயன்படுத்த இயலாது.

புதிய தரம் வெளியாவதற்கும் உலாவிகளில் பரவுவதற்கும் இடையிலான கால இடைவெளி தரும் இடர்ப்பாடு 2011-இல் தெளிவாக வெளிப்பட்டது. தரவுத் தொகுதிகளைச் சங்கிலிபோல் கோத்து மறையாக்கும் சிபிசி முறையில், டிஎல்எஸ் 1.0 ஒரு பதிவின் இறுதி மறைத்தொகுதியையே அடுத்த பதிவின் தொடக்க மதிப்பாகக் கொண்டதால், அம்மதிப்பை முன்கூட்டியே அறிந்து குக்கிகளைப் படிப்படியாக ஊகிக்க முடியும் என்பதைத் தாய் துவாங், ஜூலியானோ ரிஸ்ஸோ ஆகிய ஆய்வாளர்கள் பீஸ்ட் என்னும் தாக்குதலால் மெய்ப்பித்தனர். இக்குறை 1.1-இலேயே களையப்பட்டிருந்தும், அன்று பரவலாக வழங்கிய உலாவிகள் அப்பதிப்பை இயல்பாகப் பயன்படுத்தவில்லை. எனவே நிர்வாகிகள் பலர் 1.0-ஐ விலக்காமல், சங்கிலி முறையைச் சாராத ஆர்சி4 மறையீட்டுக்கு மாறினர். ஆனால் ஒரே செய்தி பலமுறை ஆர்சி4-ஆல் மறையாக்கப்பட்டால் அதை மீட்டெடுக்கலாம் என்று 2013-இல் காட்டப்பட்டது; 2015-இல் இணையப் பொறியியல் பணிக்குழு டிஎல்எஸ்-இல் ஆர்சி4-ஐத் தடைசெய்தது. இதற்கிடையே உலாவிகளே பதிவுகளைப் பிரித்து அனுப்பிப் பீஸ்ட் தாக்குதலைத் தடுக்கத் தொடங்கின.

பழைய பதிப்பை அனுமதிப்பதன் விளைவு பழைய உலாவிகளோடு நிற்பதில்லை. அறியாத பதிப்பு எண்ணைக் கண்டதும் சில வழங்கிகள் இணைப்பைத் துண்டித்ததால், உலாவிகள் தாழ்ந்த பதிப்பில் மீண்டும் முயலும் வழக்கம் கொண்டிருந்தன. இடையில் நிற்பவர் வேண்டுமென்றே இணைப்பைக் கெடுத்து, புதிய உலாவியையும் டிஎல்எஸ்-க்கு முந்தைய எஸ்எஸ்எல் 3.0-க்கு இறக்கிவிடலாம் என்பதைக் கூகுள் ஆய்வாளர்கள் 2014 அக்டோபரில் பூடில் தாக்குதலின் வழி விளக்கினர். அப்பதிப்பை நீக்கிய தளங்களை, டிஎல்எஸ் 1.0 இயல்பாக முடக்கப்பட்டிருந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, அமைப்பை மாற்றாமல் திறக்க இயலவில்லை.

2013-14-இல் முதன்மை உலாவிகள் 1.2-ஐ இயல்பாக ஏற்றபின் நிலைமை மாறியது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா ஆகியவை 1.0, 1.1 பதிப்புகளை 2020-இல் கைவிடுவதாக 2018 அக்டோபரில் ஒருங்கே அறிவித்தன. எனினும் கோவிட் தகவல் தரும் சில அரசுத் தளங்கள் பழைய பதிப்பிலேயே இயங்கியதால், ஃபயர்ஃபாக்ஸ் 74-இல் செய்த முடக்கத்தை மொசில்லா தற்காலிகமாக நீக்க நேர்ந்தது. 2021 மார்ச்சில் அவ்விரு பதிப்புகளும் முறைப்படி விலக்கப்பட்டன.

தற்போதைய பொது வழக்கு 1.3-ஐயும் 1.2-ஐயும் மட்டும் அனுமதித்து, 1.2-இல் ஏஇஎஸ்-ஜிசிஎம் போன்ற, மறைப்போடு தரவின் மாறாமையையும் சேர்த்துச் சரிபார்க்கும் முறைகளை ஏற்பதாகும். 1.3-ஐ மட்டும் ஏற்பது புதிய கருவிகளுக்கான சேவைகளுக்குப் பொருந்தும்; 1.0-ஐத் தொடர்வது, மாற்றவே இயலாத பழங்கருவிகளுக்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட வழங்கிகளுக்கு மட்டுமே பொருந்தும்.