அச்சுப் படத்துக்குச் சேலை உடுத்தியவர்கள்



பழைய அஞ்சலட்டை, தீப்பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை இவற்றோடு துணியும் மணியும் சேர்த்து ஒட்டிப் படம் செய்வதை இன்று புது நாகரிகம் என்கிறார்கள். நம் வீடுகளில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கலை இருந்தது.

ராஜா ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல் வைத்து, லட்சுமியும் சரஸ்வதியும் அச்சாயினர். 1899-இல் அச்சகம் லோனாவாலா அருகே மளவ்லிக்கு மாறியது. ஓவியம் வாங்க வசதியில்லாத வீட்டுச் சுவரிலும் சாமி படம் ஏறியது.

வீட்டுப் பெண்கள் பலர் அதை அப்படியே மாட்டிவிடவில்லை. படத்தில் புடவை இருக்கும் இடத்தில் நிஜத் துணியை வெட்டி ஒட்டினார்கள். கரைக்கு ஜரிகை, நகைக்கு மணியும் சமிக்கியும் வைத்தார்கள். முகமும் கைகளும் மட்டும் அச்சாகவே இருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் இத்தகைய படங்கள் இருந்தன. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கும் அவை விலைக்கு வந்திருக்கின்றன.

ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி அச்சான படம், ஒருத்தியின் கை பட்டதும் அவளுக்கே உரியதாகிவிட்டது. ஆனால் படத்தின் அடியில் அச்சகத்தின் பெயர்தான் இருக்கிறது. சேலை உடுத்தியவள் பெயர் இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். அப்பத்தா பெட்டியில் கிடைக்கும் கடிதத்தையும் கணக்கு நோட்டையும் வெட்டுமுன் ஒருமுறை படியுங்கள். நகல் எடுத்து, நகலை ஒட்டுங்கள். முடித்த படத்தின் பின்னால் உங்கள் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதுங்கள். வீட்டில் பழைய படம் இருந்தால், செய்தவர் யாரென்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.