அகுஸ்தினாரின் தயக்கமும் தமிழின் ‘ஆள்’ என்னும் சொல்லும்

இலத்தீன் மொழியில் எழுதிய திருச்சபைத் தந்தையருள் தலையாயவர் அகுஸ்தினார் (கி.பி. 354 - 430). வட ஆப்பிரிக்காவின் இப்போ நகர ஆயராக விளங்கிய அவர், திரித்துவம் பற்றிய பதினைந்து பகுதிகள் கொண்ட நூலைப் பல ஆண்டுக்காலம் எழுதினார். இறைவன் ஒருவனே, அவனே தந்தை, மகன், ஆவி என மூவராகவும் விளங்குகிறான் என்பது அந்நூலின் பொருள். அங்கு அவர் எதிர்கொண்ட சொற்சிக்கல் பின்னர்த் தமிழிலும் எழுந்தது. இவ்விரண்டையும் ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கி.பி. 325இல் கூடிய நைசியா சங்கம், மகன் தந்தையோடு ஒரே உள்பொருள் உடையவர் என வரையறுத்தது. மூவரையும் எச்சொல்லால் சுட்டுவது என்பதோ முடிவாகவில்லை. கிரேக்கருட் பலர் ‘மூன்று ஹைபோஸ்டாசிஸ்’ என்றனர். தெர்த்துல்லியன் காலந்தொட்டு இலத்தீனர் ‘ஒரு சுப்ஸ்தான்சியா, மூன்று பெர்சோனா’ என்றனர். ஹைபோஸ்டாசிஸ் என்பதை உறுப்புக்கு உறுப்பாக இலத்தீனில் பெயர்த்தால் சுப்ஸ்தான்சியா என்றே அமையும். ஆதலின் கிரேக்கர் மூன்று கடவுளரைக் கூறுவதாக இலத்தீனருக்குத் தோன்றியது. பெர்சோனா நாடக முகமூடியையும் குறிக்கும். ஆதலின் இலத்தீனர் ஒருவரே மூன்று வேடம் பூணுவதாகக் கூறுகின்றனரோ எனக் கிரேக்கர் ஐயுற்றனர். கி.பி. 362இல் அத்தனாசியார் கூட்டிய அலெக்சாந்திரியச் சங்கம், ஹைபோஸ்டாசிஸ் ஒன்று என்போரையும் மூன்று என்போரையும் வினவி, சொல் வேறாயினும் கருத்து ஒன்றே எனத் தெளிந்தது.

அகுஸ்தினார் இதனினும் ஒரு படி மேற்சென்றார். கிரேக்கர் கருதும் வேறுபாடு தமக்கு விளங்கவில்லை என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். பெர்சோனா என்னும் சொல்லைப் பொருத்தமானது என்பதற்காக அவர் ஏற்கவில்லை. வாய் மூடியிருத்தல் இயலாது என்பதற்காகவே ஏற்றார். அச்சொல்லின் குறையை ஈடுசெய்ய நினைவு, அறிவு, விருப்பம் ஆகிய மூன்றும் ஒரே உள்ளத்தில் இயங்குவதைச் சான்றாக விரித்துரைத்தார்.

1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தொடங்கி, 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகரான இராபர்ட் டி நொபிலி வழியாக வளர்ந்த தமிழ்க் கிறித்தவ உரைநடையும் இச்சிக்கலைச் சந்தித்தது. ‘மூன்று பொருள்’ என்றிருந்தால் சைவ சித்தாந்தத்தின் பதி, பசு, பாசம் என்னும் முப்பொருள் நினைவுக்கு வந்திருக்கும். ‘மூன்று மூர்த்தி’ என்றிருந்தால் பிரமன், திருமால், உருத்திரன் என மயங்கியிருப்பர். கத்தோலிக்க ஞானோபதேச மரபில் ‘ஆள்’ என்னும் எளிய சொல்லே நிலைத்தது. இதில் முகமூடிப் பொருள் இல்லை. ஆயினும் மூன்று தனி மனிதரை எண்ணச் செய்யும் இடர் உண்டு. ‘அவர்’ என்னும் சொல்லும் ஈண்டு நோக்கத்தக்கது. இலக்கணப்படி பலர்பாலாகிய அது உயர்வு கருதி ஒருவரையும் சுட்டும். இவ்வழக்கைத் தொல்காப்பியமே குறித்துள்ளது. ஒருமை, பன்மை பற்றி இலத்தீனில் எழுந்த வினா, தமிழ்த் தொடரில் வேறு வடிவம் பெறுகிறது.

பினாங்கும் இவ்வரலாற்றுக்கு அயலானதன்று. 1665இல் அயுத்தியாவில் தோன்றிய பொதுக் குருமடம், 1770இல் புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் சில ஆண்டுகள் இயங்கி, 1808இல் பினாங்கில் மீண்டும் நிறுவப்பட்டது. பல நாட்டு மாணவர் பயின்ற அங்கே நெடுங்காலம் இலத்தீனே பயிற்றுமொழியாக இருந்தது. வகுப்பறையில் இலத்தீனில் கற்ற பெர்சோனாவைத் தத்தம் மக்களிடம் தாய்மொழியில் விளக்க வேண்டிய பொறுப்பு அம்மாணவரைச் சார்ந்தது.

நம் பாடத்திட்டங்களில் கிறித்தவப் பணியாளரின் உரைநடை பெரும்பாலும் அச்சுக்கலை வரலாறாகவே கற்பிக்கப்படுகிறது. அதனைக் கருத்தாக்க வரலாறாகவும் கற்பித்தல் வேண்டும். அகுஸ்தினாரே நிறைவற்றது எனக் கண்ட ஒரு சொல்லுக்குத் தமிழில் நிறைவான நிகரன் இல்லை எனக் குறை கூறுவது பொருந்தாது. மூலமொழியிலும் அச்சொல் விளக்கத்தின் துணையோடுதான் நின்றது. அறிவியலுக்கும் சட்டத்திற்கும் இன்று கலைச்சொல் ஆக்குவோர், சொல்லைத் தேர்வதோடு அமையாது, அது எவ்விடத்தில் பிழைபட உணரப்படும் என்பதையும் உடன் எழுதிவைத்தல் நலம்.