மாயாவியின் வீட்டுக்கு வந்த புதியவர்கள்

சித்திரக்கதைகளைப் பற்றி ஓர் இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவதா என்று முகம் சுளிப்போர் எம்மவரில் இருக்கவே செய்வர். ஆயினும் எமது தலைமுறையைச் சேர்ந்த பலருக்கு வாசிப்பின் முதல் வாசலாக இருந்தவை அவையே. பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்த அந்தக் கையடக்க நூல்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அவற்றை வாசித்தவர்களுக்கும் உண்டு. நாயகர்களின் உலகம் ஒன்று நன்கு நிலைபெற்றுவிட்ட பின் அதற்குள் புதிதாக ஒருவர் நுழையும்போது பழைய வாசகர்கள் அவரை எவ்வாறு எதிர்கொண்டார்கள்? அந்தப் புதியவர் முஸ்லிமாக இருந்தபோது என்ன நடந்தது? இக்கட்டுரை இவ்விரண்டையும் மட்டுமே தொட முனைகிறது.

தமிழில் இக்கதை சிவகாசியில் தொடங்குகிறது. 1972இல் எம். சௌந்தரபாண்டியன் ஆரம்பித்த முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. பத்தாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் பிறந்த லூயிஸ் கிராண்டேல், அதாவது மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கை மட்டும் தெரிய உடல் முழுவதும் மறைந்துபோகும் மனிதன், அன்றிலிருந்து தமிழ் பேசலானான். ஆரம்பக் கதைகளில் அவன் குற்றவாளியாகவே திரிந்தான் என்பதும், பின்னரே நிழற்படையின் உளவாளி ஆனான் என்பதும் பலருக்கு மறந்துபோயிருக்கும். எங்கள் கரையில் அவன் தாராளமாக நடமாட முடியவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்திய வெகுஜன இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின்னரே வரவு பெருகிற்று. கிடைத்தற்கரியதாய் இருந்தமையாலேயே அதன் மீதான உரிமையுணர்வும் கடுமையாயிற்று என எண்ணத் தோன்றுகிறது. பத்துக் கைகள் மாறி அட்டை கிழிந்து வந்த நூலின் நாயகனை எளிதில் விட்டுக்கொடுக்க மனம் வருமா? பின்னாளில் ராணி காமிக்ஸ், லீ ஃபாக்கின் முகமூடி வீரருக்கு 'மாயாவி' என்றே பெயர் சூட்டியபோது, இரும்புக்கைக்காரனைத் தவிர வேறொருவனை அப்பெயரால் அழைப்பது பழைய வாசகனின் காதில் ஒரு திருட்டுப் போலவே ஒலித்திருக்கும்.

1984 ஜூலையில் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், இருபது வயதைக்கூட எட்டாத நிலையில், லயன் காமிக்ஸை வெளியிட்டார். முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. மாயாவியில் ஊறிய சிறுவர்களின் கையில் ஒரு பெண்ணை நாயகியாகக் கொடுத்தது துணிச்சலான காரியம்தான். ஆனால் சிறுவர் மத்தியில் லயனை நிலைநிறுத்தியவன் அதே ஆண்டு வந்து சேர்ந்த ஸ்பைடர். கூர்ந்த காதுகளும் வலைத் துப்பாக்கியும் வாய்கொள்ளாத தற்பெருமையும் கொண்ட அக்குற்றச் சக்கரவர்த்தியின் கதைகளிற் பெரும்பாலானவற்றை எழுதியவர், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பது அன்று எம்மில் பலருக்குத் தெரியாது.

மாடஸ்டியின் பிறப்பைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். அவளைப் படைத்த பீட்டர் ஓ'டொன்னல் 1942இல் பிரித்தானிய இராணுவத்தில் வட ஈரானில் இருந்தபோது, யுத்தத்தால் விரட்டப்பட்டுத் தனியே நடந்துவந்த ஒரு சிறுமியைக் கண்டார். அவள் கழுத்தில் தற்காப்புக்கென ஆணியைக் கட்டிய ஒரு சிறு ஆயுதம் தொங்கியது. சிப்பாய்கள் உணவு கொடுத்தார்கள். உண்டு முடித்து, ஒரு புன்னகையை விட்டுவிட்டுத் தன் வழியே போனாள். இருபத்தொரு ஆண்டுகளின் பின் 1963இல் அச்சிறுமியே மாடஸ்டி பிளைஸியாக இலண்டன் பத்திரிகையில் தோன்றினாள். அகதி முகாம்களுக்கிடையே தனியாக வளர்ந்தவள் என்பதே அவளது பூர்வகதை.

புத்தளம் தில்லையடியில் இருந்து இதனை வாசிப்பவனுக்கு அந்தத் தகவல் வெறும் தகவலாக இருப்பதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் வந்து குடியேறிய இடங்களில் தில்லையடியும் ஒன்று. யாழ்ப்பாணத்தவருக்கு அம்மாதம் 30ஆந் திகதி கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகையும் காசும் வாசலிலேயே பறிபோன அன்று புத்தகங்களை யார் நினைத்தார்கள்? புத்தளத்து மக்கள் கதவைத் திறந்தார்கள், சோறிட்டார்கள், பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் ஒழித்துக் கொடுத்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல, பாடசாலை இடம், தொழில், காணி, தண்ணீர் என்று வந்தபோது 'வந்தவர்கள்' என்ற சொல்லும் எழுந்தது. இங்கேயே பிறந்த பிள்ளைக்கும் 'அகதி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. விருந்தோம்பலும் உண்மை, மனக்கசப்பும் உண்மை. இருப்பது குறைந்துவிடுமோ என்று அஞ்சும்போதுதான் வீட்டுக்காரன் வந்தவனின் முகத்தை உற்றுப் பார்க்கிறான். சித்திரக்கதை இரசிகனின் கோபத்தை இந்த ஒளியில் பார்த்தால் அது அவ்வளவு விநோதமாகத் தெரியாது.

அக்கோபம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1988இன் அமெரிக்கச் சம்பவம் ஒன்று போதும். பேட்மேனின் துணைவன் ரொபின் வேடத்தைப் பழைய டிக் கிரேசனிடமிருந்து பெற்றுக்கொண்ட ஜேசன் டொட் என்ற பையனைப் பல வாசகர்கள் ஏற்கவில்லை. டீசீ நிறுவனம் இரண்டு தொலைபேசி இலக்கங்களை அறிவித்தது: ஒன்று அவன் வாழ, மற்றது அவன் சாக. ஓர் அழைப்புக்கு ஐம்பது சதம். வாழ வேண்டுமென்றோர் 5,271. சாக வேண்டுமென்றோர் 5,343. எழுபத்திரண்டு வாக்குகளில் பையன் செத்தான். அதே கதையில் இன்னொன்றும் நடந்தது. கொலையாளியான ஜோக்கரை ஈரான், ஐக்கிய நாடுகள் சபைக்கான தனது தூதராக நியமிப்பதாக எழுதினார்கள், நியமிப்பவர் கொமெய்னி. ஒரு புதிய பையனின் உயிருக்காகப் பத்தாயிரம் பேர் தொலைபேசியை எடுத்த அந்தக் கதையில் முஸ்லிம் உலகத்துக்குக் கிடைத்த பாத்திரம் அதுதான்.

இந்தியாவில் இதற்கு முன்னரே ஒரு மாறுபட்ட அனுபவம் இருந்தது. 1964 முதல் டைம்ஸ் ஒஃப் இந்தியா குழுமம் வெளியிட்ட இந்திரஜால் காமிக்ஸ் முகமூடி வீரராலும் மந்திரவாதி மாண்ட்ரேக்காலும் வாழ்ந்தது. 1976இல் அந்த வெள்ளைக்கார வரிசையில் காவி ஜிப்பாவும் ஜீன்ஸும் அணிந்த பகதூர் நுழைந்தான். தந்தை கொள்ளைக்காரன், பொலிசாரால் கொல்லப்பட்டவன். பழிவாங்கத் துடித்த மகன் மனம் மாறி, கொள்ளையரை எதிர்க்கும் ஊர்மக்கள் படையொன்றைக் கட்டுகிறான். படைத்தவர் ஆபித் சூர்தி. வரைந்தவர் கோவிந்த் பிராமணியா. 'தர்மயுக்' இதழில் நெடுங்காலம் வெளிவந்த 'டப்பூஜி' கேலிச்சித்திரத்தின் கர்த்தாவும் இதே சூர்திதான். (2007 முதல் மும்பைப் புறநகரில் வீடு வீடாகச் சென்று ஒழுகும் தண்ணீர்க் குழாய்களை இலவசமாகத் திருத்திக் கொடுப்பவரும் அவரே. எழுத்தாளருக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு உண்டா தெரியவில்லை.) இந்திரஜால் 1990இல் நின்ற பின்னரும் பகதூரை நினைவுகூர்வோர் உளர். ஒரு முஸ்லிம் எழுத்தாளர், கிராமமும் கொள்ளையரும் நிறைந்த இந்தியச் சூழலை நன்கறிந்து, ஒரு இந்து இளைஞனை உயிருள்ளவனாக ஆக்கினார். மறுபக்கத்திலிருந்து எம்மை அவ்வாறு எழுத வருவோர் அரிது.

வந்தவர்களின் நிலையைப் பாருங்கள். 2002இல் எக்ஸ்-மென் வரிசையில் சூரையா காதிர் என்ற ஆப்கான் பெண் அறிமுகமானாள். மணற்புயலாக மாறும் ஆற்றல் அவளுக்கு. ஆனால் ஆப்கான் பெண்ணுக்கு அரபு நாட்டுக் கறுப்பு அபாயாவை அணிவித்து, வாயில் 'துராப்' என்ற அரபுச் சொல்லையும் வைத்தார்கள். முஸ்லிம் என்றால் எல்லாம் ஒன்றுதானே! 2010இல் பேட்மேன் பாரிஸுக்கென ஒருவனைத் தெரிவு செய்தார். அல்ஜீரிய வம்சாவளியைச் சேர்ந்த பிலால் அஸ்ஸெலா. பிரெஞ்சுத் தலைநகருக்கு ஒரு முஸ்லிமா என்று அமெரிக்க வலதுசாரிகள் சிலர் கொதித்தனர்.

நாமும் இலேசானவர்கள் அல்லர். குவைத்தைச் சேர்ந்த உளவியலாளர் நாயிப் அல்-முத்தவா 2006இல் 'தொண்ணூற்றொன்பது' என்ற நாயகர் கூட்டத்தைப் படைத்தார். 1258இல் மங்கோலியர் பக்தாதை அழித்தபோது அங்கிருந்த அறிவு 99 கற்களில் காக்கப்பட்டது என்பது கதையின் அடி. ஒவ்வொரு பாத்திரமும் அஸ்மாவுல் ஹுஸ்னா காட்டும் ஒரு பண்பின் சாயலைக் கொண்டது. அமெரிக்காவில் சிலர் இதனைப் பிள்ளைகளின் மூளைக்குள் ஷரீஆவைப் புகுத்தும் சூழ்ச்சி என்றனர். 2014இல் சவூதி உலமாக்கள் இதனைக் கண்டித்துப் பத்வா வழங்கினர். ஒரே நூலுக்கு இரண்டு திசையிலிருந்தும் கல்லெறி. அல்லாஹ்வின் திருநாமங்களோடு தொடர்புபட்ட விடயத்தில் உலமாக்கள் எச்சரிக்கை கொள்வதை எள்ளி நகையாட நான் வரவில்லை. இலக்கிய ரீதியில் எனக்குள்ள குறை வேறு. பண்பின் உருவமாகவே பிறக்கும் பாத்திரத்துக்குத் தடுக்கி விழ இடமில்லை. தடுக்கி விழாத மனிதரோடு வாசகர் நெடுந்தூரம் நடப்பதில்லை.

கமலா கான் தடுக்கி விழுந்துகொண்டே வந்தாள். 2013இல் மார்வெல் நிறுவனம் அவளை அறிவித்தது. 2014 பெப்ரவரியில் அவளது 'மிஸ் மார்வெல்' தொடர் தொடங்கிற்று. எழுதியவர் இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கரான ஜி. வில்லோ வில்சன், பதிப்பாசிரியர்களில் ஒருவரான சனா அமானத் நியூஜெர்சியில் வளர்ந்த பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண். முதற் காட்சியிலேயே கமலா ஒரு கடையில் நின்று பன்றியிறைச்சியின் வாசனையை ஏக்கத்தோடு முகர்கிறாள், உண்பதில்லை. எம்மவரில் பலர் இங்கேயே புத்தகத்தை மூடிவைத்திருப்பர். மூடாதவர்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. வேலையில்லாமல் எந்நேரமும் வணக்கத்தில் இருக்கும் அண்ணன் ஆமிர். 'தொழுதுகொண்டே இருந்தால் வேலை யார் தேடுவது' என்று அவனைச் சீண்டும், வங்கியில் பணிபுரியும் வாப்பா. வட்டிப் பணம் என்று அவருக்கே திருப்பிக் கொடுக்கும் மகன். தன் தந்தை விரும்பாத ஹிஜாபைத் தானே விரும்பி அணியும் தோழி நகியா. ஆற்றல் கிடைத்ததும் கமலா முதலில் என்னவாக மாறுகிறாள்? தான் ஆராதித்த பொன்னிறக் கூந்தல் நாயகியாக! பின்னர்தான் அந்த உருவம் தனக்குப் பொருந்தவில்லை என்று உணர்கிறாள். உம்மா வாங்கிக் கொடுத்த புர்கினி நீச்சலுடையை வெட்டித் தைத்ததே அவளது நாயகி உடை.

பள்ளிவாசல் இமாமிடம் அவளை அனுப்புகிறார்கள். பல்லாண்டு ஹொலிவுட் பார்த்துப் பழகிய நாம், கண்டிப்பான தாடிக்காரர் ஒருவரையே எதிர்பார்ப்போம். ஷெய்க் அப்துல்லாஹ் அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு, இதைத்தான் செய்வாய் என்றால் முறையாகச் செய், ஓர் ஆசானைத் தேடிக்கொள் என்கிறார். ஆசானாக அடுத்து வந்து வாய்ப்பவர் வுல்வரின் என்பது கதாசிரியையின் குறும்பு.

வாக்கெடுப்பு இம்முறை வேறு விதமாக நடந்தது. அமெரிக்கச் சித்திரக்கதைக் கடைக்காரர்கள் மாதங்களுக்கு முன்பே பிரதிகளுக்குக் கட்டளை கொடுக்க வேண்டும். பொதுவாக விற்காதவை திரும்பாது. ஆகவே புதிய பாத்திரத்தின் தலைவிதியைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது, பழைய வாடிக்கையாளர் என்ன சொல்வாரோ என்ற கடைக்காரரின் அச்சமே. கமலாவின் வாசகர்களிற் பலர் அக்கடைகளுக்குள் வருபவர்களே அல்லர். அவர்கள் தொகுப்பு நூலாகவும் மின்னூலாகவும் வாங்கினர். முதற் தொகுப்பு 2015இல் ஹியூகோ விருதைப் பெற்றது. அவ்வாண்டு சான்பிரான்சிஸ்கோ பேருந்துகளில் ஒட்டப்பட்ட முஸ்லிம் எதிர்ப்பு விளம்பரங்களின் மேல் யாரோ அவளது படத்தை ஒட்டிச் சென்றனர். 2017இல் மார்வெலின் விற்பனைப் பொறுப்பாளர் டேவிட் கேப்ரியல், பன்மைத்துவத்தையும் பெண் பாத்திரங்களையும் வாசகர்கள் விரும்பவில்லை எனக் கடைக்காரர்கள் கூறுவதாகச் சொல்லிச் சர்ச்சையைக் கிளப்பினார். பின்னர் அவரே விரும்பப்படும் புதியவர்களின் பட்டியலைத் தந்தபோது அதில் கமலா இருந்தாள். குற்றவுணர்வைக் காட்டிக்கொள்வதற்காகச் செய்யும் பன்மைத்துவம் எடுபடாது என்று வில்சன் அப்போது எழுதியது, எம்மை 'சேர்த்துக்கொள்ளும்' தமிழ்ப் படைப்பாளிகளுக்கும் பொருந்தும். பெருநாள் பிரியாணியோடு கதைக்குள் வந்து, தட்டைக் கழுவிவிட்டுப் போகும் 'பாய்'களை எத்தனை கதைகளில் பார்த்திருக்கிறோம்!

கமலாவுக்கும் ஓர் இடப்பெயர்வு உண்டு. 2016இல் வந்த ஓர் இதழ் 1947இன் பம்பாயில் தொடங்குகிறது. அவளது பூட்டனும் பூட்டியும் வீட்டை விட்டுக் கராச்சிக்குப் புறப்படுகிறார்கள். சூப்பர்மேனும் அழிந்துபோன தன் ஊரிலிருந்து குழந்தையாக அனுப்பிவைக்கப்பட்டவனே. ஆனால் அவன் ஊர் வானத்தில் இருக்கிறது. பம்பாயும் கராச்சியும் வரைபடத்தில் இருக்கின்றன.

2023 மே மாதம் கமலாவைக் கொன்றார்கள். அதுவும் அவளுடைய தொடரில் அல்ல. ஸ்பைடர்மேன் தொடரின் 26ஆம் இதழில், இன்னொருவரின் கதைக்குள். பத்தாண்டுகளுக்கு முன் இவள் ஏன் வந்தாள் என்ற கேள்வி எழுந்த இடத்தில், இவளை எப்படி இப்படிக் கொல்லலாம் என்ற சீற்றம் எழுந்தது. இரண்டு மாதங்களில் அவளை உயிர்ப்பித்தார்கள். சித்திரக்கதையில் மௌத்து நிரந்தரமில்லை. உயிர்த்தெழுந்தவளின் புதிய தொடரைச் சபீர் பீர்சாதாவுடன் இணைந்து எழுதியவர் இமான் வெல்லானி. கராச்சியில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். 2022இன் தொலைக்காட்சித் தொடரில் கமலாவாக நடித்தவர். அதற்கெல்லாம் முன்னர், பாடசாலை நாட்களில், தன் பாட்டி தைத்துக் கொடுத்த கமலாவின் உடையை அணிந்துகொண்டு திரிந்த ஒரு வாசகி.