கட்டுவிரியன் கடியின் அறிகுறிகள்

இந்தியா, இலங்கை, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளில் காணப்படும் கட்டுவிரியன், கரிய உடலில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள் கொண்ட நச்சுப்பாம்பு. இது நல்ல பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. கண்ணாடி விரியன் கடியில் தெரியும் பெரும் வீக்கமும் இரத்தக்கசிவும் இதன் கடியில் இருப்பதில்லை.

பகலில் மந்தமாகச் சுருண்டு கிடக்கும் இப்பாம்பு இரவில்தான் இரை தேடும். ஆகவே கடிபடுபவர்களில் பெரும்பாலோர் தரையில் பாய் விரித்துத் தூங்குபவர்கள். நச்சுப்பல் மிகச் சிறியது. கடிவாய் எறும்புக்கடிபோல் இருக்கும், பல வேளைகளில் கண்ணுக்கே தென்படாது. வலியும் சொற்பம், சிலர் விழிப்பதுகூட இல்லை.

முதலில் வருவது பெரும்பாலும் வயிற்றுவலி, கூடவே வாந்தி. இரவு உண்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று கஷாயம் கொடுத்துக் காத்திருப்பதில்தான் பொழுது வீணாகிறது. தரையில் படுத்தவர் விடியலில் வயிற்றுவலியோடு எழுந்து, இமைகளும் சரியத் தொடங்கினால், கடித்தடம் இல்லாவிட்டாலும் கட்டுவிரியன் கடி என்றே கருத வேண்டும்.

இமை சரிவுதான் நரம்பு நஞ்சின் தெளிவான முதல் அடையாளம். தொடர்ந்து பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும், நாக்குக் குழறும், எச்சிலை விழுங்க முடியாது, தலையணையிலிருந்து தலையைத் தூக்க இயலாது. கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். இவை தோன்றப் பல மணி நேரம் ஆகலாம். அதனால் நலமாகத் தெரிபவரையும் மருத்துவமனையில் குறைந்தது 24 மணி நேரம் கண்காணிக்கிறார்கள். இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனை கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் உரியது. கட்டுவிரியன் கடியில் இரத்தம் வழக்கம்போலவே உறையும். அதை வைத்து ஆபத்தில்லை என முடிவுசெய்யலாகாது.

முற்றிலும் முடங்கியவரின் கண்மணிகள் ஒளிக்கு அசையாமல் நிலைத்துவிடுவதுண்டு. மூளை இறந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் அவர் நினைவோடு இருந்து, சுற்றிலும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

நஞ்சு நரம்பு முனைகளையே சிதைப்பதால், நஞ்சுமுறிவு மருந்தை முடக்கம் வருமுன் செலுத்துவதில்தான் முழுப் பயன். பின்னர் செலுத்தினால் சிதைந்த முனைகள் உடனே மீளா. அவை மீண்டும் வளரும்வரை, நாள்கணக்கில், செயற்கைச் சுவாசக் கருவியே நோயாளியைக் காக்கிறது. இந்தியாவில் தரப்படும் நஞ்சுமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. கடித்த பாம்பை அடித்து எடுத்துவர வேண்டியதில்லை.