இரு மாத்திரைகளின் வரலாறு

நெஞ்சுவலி கண்டவன் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை ஒன்று. எவருமறியாமல் இரவில் விழுங்கும் மாத்திரை மற்றொன்று. நம் மக்கள் 'ஆண்மைக் குறைவு' என்று தாழ்ந்த குரலில் சொல்லும் நோய்க்கு உரியது. இவ்விரண்டும் ஓருடலில் சந்தித்தால் இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிரே போகலாம். கஹவத்தைத் தோட்டங்களில் இதனை அறிந்தவர் எத்தனை பேர்?

1847-ஆம் ஆண்டில் இத்தாலியரான சொப்ரேரோ நைட்ரோகிளிசரினை உண்டாக்கினார். இருபது ஆண்டுகளின் பின் நோபெல் அதை டைனமைட் ஆக்கினார். அவ்வெடிமருந்து ஆலைகளின் தொழிலாளருக்குத் திங்கட்கிழமை வந்தால் மண்டை பிளக்கும் தலைவலி. ஞாயிறு ஓய்வில் உடல் அந்நஞ்சின் பழக்கத்தை மறந்துவிடும்; மறுநாள் அது இரத்தக் குழாய்களை விரித்து வதைக்கும். அந்தக் குணத்தையே 1879-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் மரெல் நெஞ்சுவலிக்கு மருந்தென எழுதினார். முதுமையில் நோபெலுக்கே அது மருந்தாயிற்று! நோபெலின் பெயரில் பரிசு உண்டு. தலைவலி பட்டவர்களை யார் நினைக்கிறார்கள்?

மற்ற மாத்திரையும் நெஞ்சுவலிக்கெனவே தேடப்பட்டது. 1989-இல் இங்கிலாந்தின் சாண்ட்விச் நகரில் பைசர் கம்பெனியார் சில்டனாபிலை உருவாக்கினர். அதே ஆண்டில் வேல்ஸ் நாட்டில், மெர்தர் டிட்வில் நகரையடுத்த மெர்தர் வேல் நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டது. 1831-இல் தொழிலாளர் செங்கொடி உயர்த்திய ஊர் அது. 1900-இல் கியர் ஹார்டியைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய ஊர். வேலை இழந்த சுரங்கத் தொழிலாளரும் உருக்காலைத் தொழிலாளரும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே பணத்துக்காகப் பரிசோதனை மாத்திரைகளை விழுங்கினர். நெஞ்சுவலிக்கு மருந்து பெரிதும் பயன்படவில்லை. ஆனால் அம்மனிதர்கள் கூச்சத்தை விட்டுச் சொன்ன பக்கவிளைவுதான் 1998 மார்ச் 27-இல் அமெரிக்க அனுமதி பெற்ற 'வயாகரா' ஆயிற்று. அவர்கள் வாய்மூடியிருந்தால் கம்பெனிக்கு அத்தனை கோடிகள் ஏது?

இரண்டு மருந்தும் வேலை செய்வது ஒரே வழியில். நைட்ரேட் மருந்து இரத்தக் குழாயின் மதகைத் திறக்கிறது. சில்டனாபில் அதை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆகவே சில்டனாபில் உண்டபின் 24 மணி நேரமும், டடலாபில் உண்டபின் 48 மணி நேரமும் நைட்ரேட் கூடாது. இடையில் நெஞ்சுவலி வந்தால், உண்டதை முதலில் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். நாளுக்கு ஒன்றுக்கு மேல் ஆகாது. விறைப்பு நான்கு மணி நேரம் தணியாவிட்டாலும், பார்வை திடீரென மங்கினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

நீரிழிவும் இரத்த அழுத்தமும் இக்குறைபாட்டின் காரணங்கள். இருதய நோயின் முன்னறிவிப்பாகவும் இது வருவதுண்டு. ஆகவே இம்மாத்திரையைத் தேடுகிறவனே பெரும்பாலும் அந்த மாத்திரைக்கும் உரியவன். அவனோ வெட்கத்தால் டாக்டரிடம் போகாமல் பேரறியாத 'மூலிகை' உருண்டையை வாங்குகிறான். 2008-இல் சிங்கப்பூரில் இத்தகைய சரக்குகளில் நீரிழிவு மருந்து கலந்திருந்தது. நீரிழிவே இல்லாத 150 பேர் சர்க்கரை வீழ்ந்து ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தனர், நால்வர் மாண்டனர்.

வெட்கம் என்று மட்டும் சொல்லிவிடலாமா? சிங்களம் பேசும் டாக்டரிடம் தமிழ்த் தொழிலாளி மகளையோ பக்கத்து லயத்துக்காரரையோ மொழிபெயர்க்க அழைத்துச் செல்லும் நாட்டில், எந்தத் தகப்பன் இதைச் சொல்வான்? 1971-இல் அரச மருந்துப்பொருள் கூட்டுத்தாபனத்துக்குத் தலைமையேற்ற பேராசிரியர் செனக பிபிலே, மருந்துகளை வணிகப் பெயரால் அன்றி மூலப்பெயரால் வழங்கவேண்டும் என வாதாடினார். அதன் பயன் இங்கே விளங்கும். உண்ணும் மருந்துகளின் மூலப்பெயர்களை ஒரு துண்டில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்து நீட்டினால் போதும். டாக்டரும் பாமசிக்காரரும் அதை வாசித்துக்கொள்வார்கள்; மகள் வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கலாம்.