220 கிலோமீட்டர் யாருக்கு?

கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எவ்வளவு தூரம்? பஸ்ஸில் ஏறத்தாழ 315 கிலோமீட்டர், ஏழெட்டு மணித்தியாலம். ரயில் மாகோ, கல்ஓயா, பொலன்னறுவை என்று சுற்றி வருவதால் தூரம் 350ஐத் தொடும். வரைபடத்தில் நேர்கோடு போட்டால் 220 கிலோமீட்டர்தான். மணிக்கு 300 கிலோமீட்டர் போகிற சின்ன விமானம், ஏறி இறங்குற நேரத்தையும் சேர்த்தால்கூட ஒரு மணித்தியாலமளவில் வந்திடும்.

ஊர் இரண்டுதான், தூரம் மூன்று. எந்தத் தூரம் யாருக்குக் கிடைத்தது என்பதில்தான் எங்கட போக்குவரத்து வரலாறு இருக்கு.

1924 இல் கல்லடிப் பாலம் வந்தது. 1928 இல் ரயில் மட்டக்களப்பைத் தொட்டது. முப்பது வருசம் கழித்து, 1958 இல், வாவியோரமாகத் திமிலைதீவில் விமான நிலையம் திறந்தார்கள். எயார் சிலோன் விமானம் இரத்மலானையிலிருந்து இங்கே வந்து போன காலம் அது. டிக்கெட் எடுக்க வசதியிருந்தவருக்குக் கொழும்பு பக்கத்து ஊராகியது. மற்றவருக்கு இரவு ரயில்தான்.

1983 இல் விமான நிலையம் விமானப்படையிடம் போனது. பிறகு யுத்தம். கிலோமீட்டர் மாறவில்லை, மணித்தியாலம் மாறியது. புணானை, வெலிகந்தை, மன்னம்பிட்டி எண்டு சோதனைச் சாவடிகளில் பேக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்த கதையை அப்பா இப்பவும் சொல்லுவார். விடியப் புறப்பட்டால் எப்ப போய்ச் சேருவம் எண்டு ஒருத்தராலும் சொல்ல முடியாது.

2018 இல் விமான நிலையம் மீண்டும் சிவில் சேவைக்குத் திறந்தது. பெயரோடு 'சர்வதேச' என்ற சொல்லும் சேர்ந்தது. ஆனால் எங்கட பட்ச்சில் அங்கிருந்து பறந்த ஒருவரையும் எனக்குத் தெரியாது.

இப்ப அந்த ஓடுபாதைக்குக் கிட்ட இருக்கிற வலையிறவுப் பாலத்தைக் கடந்து பாருங்கள். அங்கால படுவான்கரை. 2007 வரை அது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பக்கம். தெற்கே மண்முனையில் 2014 இல்தான் பாலம் வந்தது. அதுவரை ஆட்களையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு தண்ணியில் ஓடிய மிதவைதான் வழி. அதை நாங்கள் 'பாதை' என்றுதான் சொல்லுவம். தண்ணியில் மிதக்கிற பொருளுக்குப் 'பாதை' எண்டு பேர் வைத்த சனம் நாங்கள். வேற பாதை இல்லாததால் வந்த பேராக இருக்கும். மண்முனையில் பாலம் வந்த பிறகும் குறுமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் பாதைதான் ஓடியது.

என் அம்மம்மா படுவான்கரைக்காரி. கொழும்பு தூரமா எண்டு ஒருநாள் கேட்டேன். "கொழும்ப விடு மனே. வயித்துவலியோட இந்த ஆத்தக் கடக்கிறதுதான் தூரம். பாதை அக்கரையில நிண்டா அது வருமட்டும் பார்த்துக்கொண்டு இருக்கோணும்" எண்டா. வாவியை அவ ஆறு எண்டுதான் சொல்லுவா.

அவ கடந்தது சில நூறு மீட்டர். காத்திருப்போடு சேர்த்தால் அரை மணித்தியாலம், சில நேரம் அதுக்கும் மேல. அந்த நேரத்தில் விமானம் கொழும்புக்குப் பாதித் தூரம் போயிருக்கும்.

விமான நிலையம் வேண்டாம் எண்டு நான் சொல்லவில்லை. 1958 இல் ஓடுபாதை போட முடிந்த ஊரில், ஆற்றைக் கடக்க ஒரு பாலத்துக்கு இன்னும் 56 வருசம் பிடித்தது. மட்டக்களப்பின் வரலாற்றை எழுதுறவர்கள் இந்த இரண்டு வருசங்களையும் ஒரே பக்கத்தில் எழுதவேணும்.