அசரீரியும் கம்பிச்சுருளும்

வானிலிருந்து குரல் வந்தது என்றான் புராணிகன். யாருடைய குரல் என்று கேட்டவனைப் பாவி என்றான். வானிலிருந்து குரல் வரத்தான் செய்கிறது, தோழர்களே! ஆனால் அதை வரவழைத்தது தவமன்று. அட்டைக் குழாயின்மேல் சுற்றிய செப்புக் கம்பி!

கல்கத்தாவில் 1895-ஆம் ஆண்டு ஜெகதீச சந்திர போஸ் கம்பியில்லாமலே அலையை அனுப்பி மணியை ஒலிக்கச் செய்தார். அலை அனுப்புவோர் பலரானால் ஒன்றோடொன்று கலந்து கூச்சலாகுமே, வேண்டிய செய்தியைப் பிரித்தெடுப்பது எங்ஙனம்? ஆலிவர் லாட்ஜ் 1897-இல் இசைவிப்பு முறைக்குக் காப்புரிமை கோரினார். மார்க்கோனி 1900-இல், 7777 என்னும் எண் பெற்ற காப்புரிமையால் அம்முறையை வளர்த்தார்.

முறை எளியது. ஊஞ்சலை அதன் ஆட்டத்திற்கு இசைய உந்தினால் ஒரு விரலே போதும். இசையாது உந்தினால் இரு கைகளும் பயன்படா. கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்றுக்கும் அத்தகைய இயல்பான ஆட்டம் உண்டு. சுருளில் சுற்றுகள் பெருகினால் தூண்டல் மிகும், ஆட்டம் தளரும். தூண்டல் நான்கு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும். அக்காலச் சோதனைக்கூடங்களில் கம்பியின் மேற்பூச்சை ஒரு கோடாகச் சுரண்டி, அதன்மேல் உலோக முனையை நகர்த்தி வேண்டிய அலையைத் தேர்ந்தார்கள். மந்திரமில்லை; கணக்கு!

அக்கணக்கின் வெற்றிக்குப் பழனி மலைத்தொடரிலேயே சான்றுண்டு. 1899-இல் நிறுவப்பட்ட கோடைக்கானல் வானாய்வகத்தில்தான், சூரியப் புள்ளிகளிலிருந்து வளிமம் வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் 1909-இல் கண்டார். ஏ.கே. தாஸ் இயக்குநராக இருந்த காலத்தில், 1955-இல், அயனி மண்டலத்தை ஆராயும் வானொலிக் கருவி அங்கே இயங்கத் தொடங்கியது. அது 1 முதல் 25 மெகாசைக்கிள் வரை அதிர்வெண்ணை மாற்றி மாற்றி அலைகளை மேலே ஏவும். ஏற்பியும் அதற்கிசைய மாறும். எதிரொலி திரும்பும் நேரம் அம்மண்டலத்தின் உயரத்தைக் காட்டும். புவிக்காந்த நடுக்கோடு அருகிலிருப்பதால், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் பாயும் மின்னோட்டத்தை ஆராய அம்மலை ஏற்ற இடமாயிற்று.

சூரியனுக்கு ஏழு குதிரை பூட்டிப் பாடினார்கள், அளந்தார்களா? சூரியனில் சுடர் வெடித்தால் பகல் பக்கத்தில் சிற்றலை வானொலி மங்கும் என்று எந்தப் பஞ்சாங்கமேனும் சொன்னதுண்டா?

கொடுமை என்னவெனில், 1924-இல் சென்னை மாகாண ரேடியோ சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கிய இந்நாட்டில், இன்று அதே அலைமீது ஏறி வருகிறது இராசிபலன்! அறிவு கண்ட கருவி. அறியாமை ஏறிச் செல்லும் பல்லக்கு!

இளைஞர்களே, அட்டைக் குழாயும் செப்புக் கம்பியும் எடுங்கள். உங்கள் கையால் சுற்றுங்கள். ஏன், எப்படி என்று கேளுங்கள். வாங்கிய கருவி வீட்டை நிரப்பும். விளங்கிய கருவியே நாட்டை உயர்த்தும்.